கேட்காமல் கொடுத்த பெட்டி

பெல்டன் க்ரீக்கில் யாரைக் கேட்டாலும், கோரா வெய்லண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சத்தியம் செய்வார்கள். உண்மைதான். ஆனால் அதில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேள்வியே இல்லாத ஊரில் எல்லோரும் அரிச்சந்திரன்தான்.

கோராவுக்கு அறுபத்திரண்டு வயது. மலைக்குக் கிழக்கே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் அந்த ஊரில் அவளுக்கு ஒரு கடை. முன்பாதியில் தூண்டில், ரப்பர் பூட்ஸ், வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை. பின்பாதியில் துப்பாக்கியும் தோட்டாவும். அதற்கும் பின்னால் ஓர் இரும்பு அறை. கடையின் மானமே அந்த அறையில்தான் இருந்தது.

கோடையில் மலைமேல் மேய்ந்த மாடுகளைப் பனி விழுவதற்குள் இறக்கி, கீழே யாருடைய பண்ணையிலாவது விடுவதை அந்தப் பக்கத்தில் ‘குளிருக்கு விடுவது’ என்பார்கள். அந்தச் சொல் எப்படியோ துப்பாக்கிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மனைவி விட்டுவிட்டுப் போனவன், கல்மழையில் தோட்டத்தைப் பறிகொடுத்தவன், டாக்டரிடம் கெட்ட செய்தி கேட்டு வந்தவன் என்று யாராவது ஒருவன் துப்பாக்கிகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கடைக்குள் வருவான். வெளியே ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “கோரா, இதுகளைக் கொஞ்ச நாள் குளிருக்கு விடலாமா?” என்பான். “விடேன்” என்பாள் கோரா. ஏன் என்று கேட்கமாட்டாள். நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு, காபி வேண்டுமா என்று மட்டும் கேட்பாள். மனசு தேறியதும் அவனே வந்து எடுத்துக்கொண்டு போவான். கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. அப்படிக் கேட்காமலேயே நாலைந்து உயிரையாவது அவள் காப்பாற்றியிருக்கிறாள் என்று ஊர் நம்பியது. அவளும் நம்பினாள்.

போன மே மாதம் வெண்டல் ஹஸ்டட் வந்தான். மேல்ரோட்டில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவன். கோராவின் புருஷன் உயிரோடு இருந்த காலத்திலிருந்து குடும்ப நண்பன். இலையுதிர் காலத்தில் மனைவியைப் புதைத்துவிட்டு, குளிர்காலம் முழுக்க அந்தப் பெரிய வீட்டில் தனியாகக் கிடந்தவன். ஐந்து துப்பாக்கிகளை மேஜைமேல் வைத்தான். “எல்லாம் இவ்வளவுதான்” என்றான். கோரா வாங்கி உள்ளே வைத்தாள். அன்றைக்கே அடுத்த ஊர்த் துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டு, “வெண்டல் குளிர்ல இருக்கான்” என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவர்களுக்கு அது போதும். இனி சுற்றுவட்டாரத்தில் ஒரு கடையிலும் அவனுக்கு ஒரு தோட்டா கிடைக்காது.

கடையில் கிடைக்காதது இணையத்தில் கிடைத்தது. ஜூலையில் மேல்ரோட்டுப் பாலம் பழுதாகி வண்டி போகாமல் இருந்ததால், அந்தப் பக்கத்துப் பார்சல்களையெல்லாம் பார்சல்காரர் கோராவின் கடையில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். வெண்டலுக்கு ஒன்று வந்தது. சின்னப் பெட்டி, ஆனால் செங்கல் கனம். மூலையில் தோட்டாப் பார்சல்களில் ஒட்டுகிற, கறுப்பும் வெள்ளையுமான சாய்சதுர முத்திரை. முப்பது வருடமாகத் தோட்டா விற்கிறவளுக்கு அது என்ன பெட்டி என்று ஒருவர் சொல்லவா வேண்டும்? அவன் வந்து கேட்டபோது எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“பார்த்து, கனமா இருக்கு” என்றாள்.

“தெரியும்” என்றான் வெண்டல்.

அவ்வளவுதான் பேச்சு. அவன் போனபிறகு கோராவுக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மான் வேட்டை அக்டோபரில். அதற்கு ஜூலையிலேயே தோட்டா வாங்குகிறவன் அக்டோபர் வரை இருக்க நினைக்கிறவன், மனுஷன் தேறிவிட்டான், சீக்கிரம் வந்து துப்பாக்கியைக் கேட்பான் என்று கணக்குப் போட்டாள். ஐந்தும் தன் அறையில் பத்திரமாக இருக்க, வெறும் தோட்டா என்ன செய்யும், கூழாங்கல்தானே என்றும் நினைத்தாள். வெண்டலின் அப்பா காலத்து ரிவால்வர் ஒன்று தண்ணீர் பம்ப் கொட்டகையில் கிடந்தது அவளுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவனைக் கொட்டகையில் கண்டெடுத்தார்கள்.

பெட்டியின்மேல் அவன் வீட்டு விலாசம் இருந்தது. அதற்குள் பாலமும் சரியாகியிருந்ததால், வீட்டு வாசலுக்கே வந்திருக்கும் என்று ஷெரிஃப் எழுதிக்கொண்டார். யாரும் கோராவைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வெண்டலுக்கு ஒரே மகள். டெஸ்ஸா, முப்பத்திநாலு வயது. நகரத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு வந்து அப்பாவின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். புதன்கிழமைதோறும் கோரா ஏதாவது சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். டெஸ்ஸா துக்கத்தைச் சுமந்துகொண்டு சும்மா உட்காருகிற ஜாதி இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினாள், போன் போட்டாள், விடாமல் நச்சரித்தாள். அவளைப் போலவே வேறு ஊர்களிலும் சிலர் நச்சரித்திருக்க வேண்டும். ஜனவரியில் ஒரு மசோதா வந்தது. இணையத்தில் வாங்கும் தோட்டா இனி யார் வீட்டு வாசலுக்கும் போகக்கூடாது. உரிமம் வாங்கிய ஒரு கடைக்குப் போக வேண்டும். வாங்கியவர் நேரில் வந்து, முகத்தைக் காட்டி, எடுத்துக்கொள்ள வேண்டும்.

“உங்க கடை மாதிரி ஒரு கடைக்கு வந்திருந்தா போதும், அத்தை” என்றாள் டெஸ்ஸா. “நீங்க ஒரு தடவை அப்பா முகத்தைப் பார்த்திருந்தா விட்டிருப்பீங்களா? சட்டமன்றக் குழு முன்னாடி நீங்களும் வந்து அதைச் சொல்லணும்.”

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கோரா ‘அத்தை’. அந்த வாயால் அதைக் கேட்டபோது கோரா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இப்போதே சொல்லிவிடு என்று மனசு சொன்னது. “வரேன் கண்ணு” என்று வாய் சொன்னது.

மசோதாமீதான விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில். ஊர் வேட்டை கிளப் மசோதாவை எதிர்த்துப் பேச ஒரு பஸ்ஸையே பிடித்திருந்தது. கோரா டெஸ்ஸாவின் பிக்கப்பில் ஏறினாள். விடிந்தும் விடியாமல் கிளம்பினார்கள். மலைக்கணவாயில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேர வழி. ஒவ்வொரு வளைவுக்கும் கோரா ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள்; வளைவு தாண்டியதும் அதை விழுங்கினாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். டெஸ்ஸாவோ அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஓர் ஆள் கிடைத்த மாதிரி பேசினாள்.

கணவாய் உச்சியில் ஒரு காபிக் கடையில் நிறுத்தினார்கள். டெஸ்ஸா போனை எடுத்தாள். குழுவின் முன் பேசுகிறவர்கள் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை.

“உங்க பேரையும் போட்டுட்டேன், அத்தை.”

“எதுல போட்டே?”

“இது என்ன கேள்வி? ஆதரவுலதான்.”

“அந்த மூணாவது... ‘மற்றவை’ன்னு இருக்கே, அது யாருக்கு?”

“அதுவா? ரெண்டு பக்கமும் கால் வைக்கிறவங்களுக்கு” என்று சிரித்தாள் டெஸ்ஸா. “நமக்கு எதுக்கு? காபியைக் குடிங்க, ஆறிப்போகுது.”

அவள் சிரித்து ஏழு மாதம் ஆகிறது. அந்தச் சிரிப்பைக் கெடுக்கக் கோராவுக்குத் தைரியம் வரவில்லை. கோழைத்தனத்துக்குப் பாசம் என்று பெயர் வைப்பது உலகத்தில் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது, அவளுக்கும் இருந்தது. காபியைக் குடித்தாள்.

அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெல்டன் க்ரீக் பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சட்டமன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் கிளப் தலைவர் ராய்ஸ் மக்கல் வழிமறித்தார். கோராவோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஆறடி ஆள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தாமல் பேசக் கஷ்டப்பட்டார்.

“ஆதரவாம்ல? நீயா கோரா?”

“ராய்ஸ், கொஞ்சம் கேளு...”

“என்னத்தைக் கேட்க? ஊர்ல இருக்கிறவன் வாங்குற ஒவ்வொரு பெட்டியும் இனிமே உன் கடை வழியாத்தான் வரணும். நல்ல வியாபாரம். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதிச்சாம். செத்தவன் பேரைச் சொல்லி இதைச் செய்றியே, வெண்டல் உனக்கு என்ன பாவம் பண்ணான்?”

“அவங்களை அப்படிப் பேசாதீங்க” என்றாள் டெஸ்ஸா. “எங்க அப்பாவுக்காக ஊர்ல ஒரு ஜீவன் ஏதாவது செஞ்சதுன்னா அது இவங்கதான்.”

ராய்ஸ் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டவர் இல்லை அவர். வெண்டலின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர். “உன்மேல கோபம் இல்லைம்மா” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். கோராவைத் திட்டினவர் வார்த்தைகூட அவ்வளவு சுடவில்லை, தாங்கிப் பேசினவள் வார்த்தைதான் சுட்டது.

விசாரணை அறை நிறைந்து வழிந்தது. குழுத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் நரைத்த அம்மாள். “நிறையப் பேர் பதிஞ்சிருக்கீங்க. ஆளுக்கு ஒண்ணரை நிமிஷம். சிவப்பு விளக்கு எரிஞ்சா முடிச்சுக்கணும். தயவுசெஞ்சு யாரும் கை தட்டாதீங்க” என்றார். அரைநாள் பஸ்ஸில் வந்தவனுக்கு ஒன்றரை நிமிடம். அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான்.

ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் மூன்று பேரையும் ஒன்றாக மேஜைக்குக் கூப்பிட்டார்கள். ராய்ஸ் முதலில். நடுவில் டெஸ்ஸா. ஓரத்தில் கோரா.

ராய்ஸ் கையில் இருந்த தாளைப் பார்க்காமலே பேசினார். “எங்க ஊர்ல பனி விழுந்தா பத்து நாள் ரோடு கிடையாது. பக்கத்துக் கடைக்குப் போறதுக்கே பாதி நாள் ஆகும். அதை விடுங்க. நாங்க எங்க ஆளுங்களைப் பார்த்துக்கத் தெரிஞ்சவங்க. மனசு சரியில்லைன்னா துப்பாக்கியை யார்கிட்ட விடணும்னு எங்களுக்குத் தெரியும். இதோ உக்காந்திருக்காளே, கோரா, இவகிட்ட விடுவோம். ஒரு கேள்வி கேட்க மாட்டா, யார்கிட்டயும் சொல்ல மாட்டா. இப்படி ஒருத்தி இருக்கிற ஊருக்குச் சட்டம் எதுக்குங்க? இவ எதுக்கு ஆதரவுன்னு பதிஞ்சான்னு மட்டும்தான் எனக்குப் புரியல.”

அடுத்து டெஸ்ஸா. தாளில் எழுதியிருந்ததை வாசித்தாள். பாதியில் தாளைக் கவிழ்த்துவிட்டாள்.

“எங்க அப்பா அஞ்சு துப்பாக்கியைக் கோரா அத்தைகிட்டக் கொடுத்தாரு. அவரு வாழணும்னு நினைச்சதாலதான் கொடுத்தாரு. அப்புறம் ஒரு கெட்ட வாரத்துல ஒரு பெட்டிக்கு ஆர்டர் பண்ணாரு. அது நேரா வாசலுக்கு வந்துருச்சு. நடுவுல ஒரு மனுஷ முகம் இல்லை. ஒரே ஒரு முகம், இவங்க முகம், குறுக்க வந்திருந்தா எங்க அப்பா இன்னிக்கு உயிரோட இருப்பாரு. நான் கேட்கிறது அந்த ஒரு முகத்தைத்தான்.”

யாரோ கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். தலைவி, “கோரா வெய்லண்ட், ஆதரவு” என்று வாசித்தார்.

கோராவின் முன்னால் ஒரு தாள் இருந்தது. டெஸ்ஸா தட்டச்சு செய்து கொடுத்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. அதை அப்படியே வாசித்துவிட்டால் டெஸ்ஸாவுக்கு அவள் காலம் முழுக்க அத்தையாகவே இருக்கலாம். ராய்ஸின் கோபம் ஒரு வேட்டைக் காலத்தில் தணிந்துவிடும். கடை இருக்கும், இரும்பு அறை இருக்கும், பெயர் இருக்கும். பச்சை விளக்கு எரிந்தது. கோரா வாயைத் திறந்தாள்.

“என்னைத் தப்பான கட்டத்துல போட்டிருக்கு” என்றாள்.

ராய்ஸின் முகம் மலர்ந்தது. டெஸ்ஸா திரும்பிப் பார்த்தாள்.

“எதிர்ப்பும் இல்லை. அந்த மூணாவது கட்டத்துல மாத்திக்கோங்க. இவங்க ரெண்டு பேரும் என்னை வெச்சுத்தான் பேசினாங்க. ரெண்டு பேருக்குமே தெரியாத ஒண்ணு இருக்கு. வெண்டலோட பெட்டி வாசலுக்கு வரல. பாலம் உடைஞ்சிருந்தது, பார்சல் எல்லாம் என் கடைக்குத்தான் வந்தது. அந்தப் பெட்டியும் வந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் கையால.”

அறையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. கோரா பக்கத்தில் பார்க்கவில்லை. பார்த்தால் மிச்சத்தைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“தெரியாம கொடுத்தேன்னு சொல்ல முடியாது. தூக்கினதுமே உள்ள என்னன்னு தெரியும். அவன் முகத்தையும் பார்த்தேன். இளைச்சிருந்தான், சவரம் பண்ணல. ‘எதுக்கு வெண்டல்?’னு ரெண்டு வார்த்தை. கேட்கல. எங்க ஊர்ல கேட்க மாட்டோம். அதைப் பெருமைன்னு சொல்லிக்குவோம், இப்போ ராய்ஸ்கூடச் சொன்னாரு. அவன் மான் வேட்டைக்கு வாங்கியிருக்கான், தேறிட்டான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு சந்தோஷப்பட்டேன். மூணு நாள் கழிச்சுப் போயிட்டான். ஏழு மாசமா இதை நான் யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டகூட.”

சிவப்பு விளக்கு எப்போதோ எரிந்துவிட்டது. தலைவி அதை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஓரத்தில் இருந்த இளம் உறுப்பினர் ஒருவர் மைக்கை இழுத்துக்கொண்டார். “அப்போ இந்தச் சட்டத்தால பிரயோஜனம் இல்லைன்னு சொல்றீங்களாம்மா?”

“அப்படிச் சொல்லல சார். வாசல்ல கிடக்கிற பெட்டின்னா, எதுக்குன்னு கேட்க ஆளே கிடையாது. உங்க சட்டம் அதை என் மேஜை வரைக்கும் கொண்டுவரும். என் மேஜையில கேட்கிறதுக்கு ஒருத்தி இருக்கத்தான் இருந்தா. அவ கேட்கல. இதை ஆதரவுல எழுதுறதா எதிர்ப்புல எழுதுறதான்னு எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க, பார்த்துக்கோங்க.”

தலைவி மெல்ல, “நன்றி” என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கோரா திரும்பியபோது நடு நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. வண்டிகள் நிறுத்துமிடத்தில் டெஸ்ஸா பிக்கப்பின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“ஏழு மாசம்” என்றாள். “புதன்கிழமை புதன்கிழமை என் சமையலறையில உக்காந்து காபி குடிச்சீங்க.”

“ஆமா.”

“கடைசியா அப்பாவை யாரு பார்த்தாங்கன்னு தெரியாம நான் ஊரெல்லாம் கேட்டேன். தபால்காரரைக் கேட்டேன், பெட்ரோல் பங்க்ல கேட்டேன். நீங்க கேக்கை வெட்டிக் கொடுத்துட்டு ‘சாப்பிடு கண்ணு’ன்னீங்க.”

“தப்பு டெஸ்ஸா. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு...”

“கேட்காதீங்க. அதான் உங்களுக்கு நல்லா வருமே.” அத்தை என்ற சொல்லை அவள் எங்கேயும் வைக்கவில்லை. “நீங்க பஸ்ல போங்க.”

கதவைத் திறந்து ஏறிச் சாத்திக்கொண்டாள்.

கண் கெட்ட பிறகு செய்கிற சூரிய நமஸ்காரத்துக்கு இதைவிட வேறென்ன பலன் கிடைக்கும்? கோரா பஸ்ஸை நோக்கி நடந்தாள். பஸ் படியில் ராய்ஸ் நின்றிருந்தார். உள்ளே ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று. ஒருவரும் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை. எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டார். அவருடைய கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. கண் சிவந்திருந்தது.

“ஏறு கோரா” என்றார். “முன்சீட்டு காலியா வெச்சிருக்கோம். யாரும் உன்னை ஒண்ணும் கேட்க மாட்டாங்க.”

கோரா ஒரு காலைப் படியில் வைத்தாள். அந்த ஊர் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய கருணை அதுதான். ஒன்றும் கேட்க மாட்டார்கள். நாளைக் காலையில் அவள் கடையைத் திறக்கலாம். யாராவது வந்து தூண்டில் வாங்குவார்கள். வெண்டலின் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். டெஸ்ஸாவின் வீட்டு வாசலில் யாராவது ஏதாவது சுட்டு வைத்துவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் போவார்கள். வேலையை விட்டு, ஏழு மாதமாக அந்தப் பெரிய வீட்டில் தன்னந்தனியாக இருக்கும் ஒருத்தி. போன குளிர்காலத்தில் அந்த வீட்டில் இப்படித் தனியாக இருந்தவனையும் எல்லோரும் இதே மரியாதையோடுதான் விட்டு வைத்தார்கள்.

கோரா கைப்பையை ராய்ஸிடமிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். அறுபத்திரண்டு வயதில், ஈரத் தரையில், ஓடினாள்.

பிக்கப் இன்னும் அங்கேயே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்ஸா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கோரா கண்ணாடியைத் தட்டினாள். டெஸ்ஸா திரும்பவில்லை. மறுபடி தட்டினாள். கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது.

“உங்களைப் பஸ்ல போகச் சொன்னேன்.”

“போறேன். ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்.” கோராவுக்கு மூச்சு வாங்கியது. அவள் வாழ்நாளில் யாரையும் கேட்டிராத கேள்வி. அதைச் சுற்றி வளைத்துக் கேட்கவும் அவளுக்குத் தெரியவில்லை. “டெஸ்ஸா, செத்துப் போயிடலாம்னு உனக்குத் தோணுதா?”

டெஸ்ஸாவின் முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது. அறைந்துவிடுவாள் போலிருந்தது. கோரா கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மழை தலையில் விழ, நகராமல் நின்றாள். ஒரு வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் பெல்டன் க்ரீக் பஸ் காத்திருந்தது.

“ஞாயித்துக்கிழமைல” என்றாள் டெஸ்ஸா.

“எந்த ஞாயித்துக்கிழமை?”

“எல்லா ஞாயித்துக்கிழமையும். சாயந்தரம். அப்பா போன் பண்ற நேரம் அது. நான் போனை முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.” இப்போது குரல் உடைந்தது. “இவ்வளவு பேர் வந்தாங்க, போனாங்க. நீங்களும் வந்தீங்க. ஒருத்தராவது இதைக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கணும்.”

“நான் உங்களை மன்னிக்கல.”

“வேண்டாம்.”

“எப்பவும் மன்னிக்க மாட்டேனாயிருக்கும்.”

“சரி கண்ணு. அது உன் இஷ்டம்.”

டெஸ்ஸா கன்னத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள். பிறகு எட்டி, மறுபக்கக் கதவின் பூட்டை எடுத்துவிட்டாள். கோரா வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

“நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை” என்றாள். “எத்தனை மணிக்கு வரட்டும்?”

டெஸ்ஸா வண்டியைப் பின்னால் எடுத்தாள்.

“நாலு மணிக்கு” என்றாள்.